ஏழாம் அத்தியாயம்: நடைபாதையின் கீழ் மின்குழாய் புதைக்கும் ஆழம்

வீட்டில் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகி, முகூர்த்தக்கால் நடுவதற்கென்று நாள் பார்த்து, மஞ்சளும் குங்குமமும் இட்டு மாவிலை கட்டிய கம்பை வாசலில் ஊன்றுவதற்காகப் பந்தல்காரர் கடப்பாரையை ஓங்கும் அந்தக் கணத்தில், அவர் நிற்கும் இடத்தின் கீழே பத்து வருஷங்களுக்கு முன்பு யாரோ ஒரு வயர்மேன் புதைத்துவிட்டுப் போன மின்குழாய் ஒன்று இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அறிந்தவர் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒருவரும் இருக்கமாட்டார். புதைத்தவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். கட்டிய கொத்தனார் தொழிலை விட்டிருப்பார். வீடே கைமாறியிருக்கவும் கூடும். பந்தக்கால் குழியோ ஒன்றரை அடிக்குக் குறைவதில்லை. மண் இளக்கமாயிருந்தால் இரண்டடியும் போகும். மின்குழாயின் ஆழத்தைப் பற்றி இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் கணக்குகள் யாவும் அந்தப் பந்தல்காரரை முன்னிட்டே சொல்லப்படுகின்றன என்று வாசகர் மனத்தில் இருத்திக்கொண்டால், எந்த எண் எதற்காக நிர்ணயிக்கப்பட்டது என்பதும், எந்த இடத்தில் அதைக் குறைக்கலாகாது என்பதும் தாமே விளங்கிவரும்.

நம் வீடுகளில் வாசற்கதவுக்கும் திண்ணைக்கும் நடுவிலுள்ள பாதையின் கீழே ஓடுபவை பெரும்பாலும் கேட் விளக்குக்கான இணைப்பு, கிணற்று மோட்டாருக்கோ போர்வெல் மோட்டாருக்கோ போகும் இணைப்பு, சில வீடுகளில் தோட்டத்து விளக்குகளுக்கும் புறக்கடைக் குளியலறைக்குமான இணைப்புகள் ஆகியவையே. பாதை நேர்கோடாக இருப்பதாலும், அங்கே ஒருவரும் தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டமாட்டார் என்பதாலும் குழாயைப் பாதையின் கீழ்க் கொண்டுபோவது நல்ல யோசனைதான். தென்னைக்கு எடுக்கும் குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்பதை நினைத்தால், பாத்தியின் நடுவே போகும் குழாயைவிடப் பாதையின் நடுவே போகும் குழாய்க்கு ஆயுள் அதிகம் என்பது தெளிவு. பாதையின் ஓரம் அப்படிப்பட்டதல்ல. மல்லிகைக் கொடிக்குக் கால் நடுவதும், செம்பருத்தி வைப்பதும், வாழைமரம் கட்டக் குழி பறிப்பதும் அங்கேதான். ஆதலால் குழாய் பாதையின் நடுக்கோட்டை ஒட்டியே போகவேண்டும்.

ஆழம் என்னும் சொல்லை முதலில் வரையறுத்துக்கொள்வோம். நான் நேரில் கண்ட தவறுகளில் மிகப்பல, குறைவாகத் தோண்டியதனால் விளைந்தவையல்ல. தவறான இடத்திலிருந்து அளந்ததனால் விளைந்தவை. குழாயின் மேல்முதுகிலிருந்து, வேலை யாவும் முடிந்து கல்லும் பதித்த பின் நாம் கால் வைத்து நடக்கப்போகும் மேல்மட்டம் வரையில் உள்ள கனமே ஆழம் எனப்படும். பள்ளத்தின் அடிவரை டேப்பை விட்டு அளப்பது பயன்படாது. இரண்டரை அடி, அதாவது முப்பது அங்குலம், ஆழம் வேண்டுமென்று கொள்வோம். குழாயின் கீழே மணல் மெத்தைக்கு மூன்று அங்குலம், குழாயின் வெளிவிட்டத்துக்கு இரண்டு அங்குலம் என்று கூட்டினால் முப்பத்தைந்து அங்குலமாகிறது. எனவே இரண்டரை அடி ஆழத்தைப் பெற விரும்புகிறவர் ஏறக்குறைய மூன்றடிப் பள்ளம் வெட்டியாக வேண்டும் என்ற இந்தச் சிறு கணக்கை வேலைக்காரரிடம் முதல்நாளே சொல்லிவிடாவிட்டால், இரண்டரை அடி வெட்டிவிட்டு மண்வெட்டியைக் கழுவப் போய்விடுவார்கள்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அஸ்திவாரத்திலிருந்து எடுத்த மண் வாசலிலேயே ஒன்றரை அடி உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. வயர்மேன் நேர்மையானவர், இரண்டரை அடி என்று சொன்னதைத் தட்டாமல் அளந்தே புதைத்தார், ஆனால் அளந்தது அந்தக் குவியலின் மேலிருந்து. பின்னர் மண் அள்ளப்பட்டது. பாதைக்கு அடித்தளம் போடுவதற்காக மேலும் நாலங்குலம் சீவப்பட்டது. ஆறு வருஷங்கள் கழித்துக் கொடிப்பந்தலுக்குக் கால் ஊன்ற வந்தவருடைய கடப்பாரை, கல்லை எடுத்துவிட்டு மூன்றாம் குத்திலேயே குழாயில் இறங்கியது. மோட்டார் ஓடாத வேளை, மழையில்லாத மாதம், இணைப்பின் தலைப்பிலே சுவிட்ச் நிறுத்தப்பட்டிருந்தது. அதனால் உயிர் தப்பியது. அன்று தொட்டு நான், பள்ளம் தொடங்குமுன் கொத்தனாரை அழைத்துவந்து, முடிந்த தரை எந்த மட்டத்தில் நிற்கும் என்று கேட்டு, கேட் தூணிலும் திண்ணைச் சுவரிலும் ட்யூப் மட்டம் பிடித்து இரண்டு கோடுகள் கீறி, அவற்றுக்கிடையே நூல் கட்டி, அந்த நூலிலிருந்தே எல்லா அளவையும் எடுக்கச் சொல்லுகிறேன்.

இனி எண்களுக்கு வருவோம். மின் கேபிள்களைப் பதிக்கும் முறையைப் பற்றி இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ஐ.எஸ். 1255 என்னும் நெறிநூலே நம் நாட்டில் இதற்கு ஆதாரமானது. வீட்டுக்கு வரும் தாழ்ந்த மின்னழுத்தக் கேபிள்களுக்கு அது சொல்லும் குறைந்தபட்ச ஆழம் 0.75 மீட்டர், 3.3 முதல் 11 கிலோவோல்ட் வரை 0.90 மீட்டர், 22, 33 கிலோவோல்ட்டுக்கு 1.05 மீட்டர், சாலையைக் குறுக்கே கடக்குமிடத்தில் 1 மீட்டர். தரைமட்டத்திலிருந்து கேபிளின் மேற்பரப்பு வரை அளக்கவேண்டும் என்பதையும் அந்நூல் சொல்லிவிடுகிறது. அந்த அட்டவணையில் வீட்டு நடைபாதைக்கென்று தனி வரி கிடையாது. ஆகையால் மேலே கல் பதித்திருக்கிறது, சிமெண்டு பூசியிருக்கிறது என்ற காரணங்களால் 75 சென்டிமீட்டரைக் குறைத்துக்கொள்ள நமக்கு ஆதாரம் எதுவும் அதில் இல்லை. நம்முடைய பந்தக்கால் குழி இரண்டடி. நெறிநூலின் ஆழம் ஏறக்குறைய இரண்டரை அடி. இடையே நிற்பது அரையடி மண்தான் என்றாலும் அந்த அரையடிதான் உயிரைக் காப்பது.

அமெரிக்காவின் விதி வேறொரு வழியில் யோசிக்கிறது. அதை இங்கே சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அந்நாட்டில் குடியிருந்துவிட்டுத் திரும்பி வீடு கட்டுகிறவர்களும், அந்நாட்டு நூல்களைப் பார்த்துப் படம் வரைகிறவர்களும் இப்பொழுது நம்மிடையே பலர் என்பதே. 1897-ல் முதற்பதிப்புக் கண்டு, இப்பொழுது மூன்று வருஷங்களுக்கு ஒருமுறை திருத்தப்பெறும் நேஷனல் எலக்ட்ரிக்கல் கோடு என்னும் அந்நாட்டு நெறிநூலில், 300.5 என்ற பகுதியிலுள்ள அட்டவணை, குழாய் எதனால் ஆனது, அதன் மேல் என்ன இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஆழத்தை நிர்ணயிக்கிறது. வெறும் மண்ணின் கீழே குழாயில்லாமல் நேராகப் புதைக்கும் கேபிளுக்கு 24 அங்குலம், பி.வி.சி. குழாய்க்கு 18 அங்குலம்; கனமான இரும்புக் குழாய்க்கு 6 அங்குலமே போதும். மேலே இரண்டங்குலக் கான்கிரீட் இருந்தால் பி.வி.சி. குழாய் 12 அங்குலத்தில் இருக்கலாம். வண்டி ஏறாத, குறைந்தது நாலங்குலக் கனமுள்ள கான்கிரீட் தளம் மேலே இருந்து, அத்தளம் குழாய்க்கு இருபுறமும் ஆறங்குலமாவது நீண்டும் இருந்தால், பி.வி.சி. குழாயும் இரும்புக் குழாயும் நாலங்குல ஆழத்திலேயே கிடக்கலாம். அதாவது தளத்தின் அடிவயிற்றை ஒட்டியே குழாய் போகலாம். குழாயில்லாத கேபிளுக்கு மட்டும் அப்பொழுதும் 18 அங்குலம் வேண்டும். வீட்டுக்குள் கார் ஏறிவரும் பாதையின் கீழே எந்தக் குழாயானாலும் 18 அங்குலம். பொதுச் சாலையின் கீழே எல்லாவற்றுக்கும் 24 அங்குலம்.

கடப்பாரையைத் தடுப்பது மண்ணின் கனமாக இருக்கலாம், இரும்பாக இருக்கலாம், கான்கிரீட்டாகவும் இருக்கலாம். ஒன்று மிகுந்தால் மற்றொன்றைக் குறைக்கலாம் என்பதே அந்த அட்டவணையின் தர்க்கம். ஆறங்குலம் நீளவேண்டும் என்ற நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். பாதையின் ஓரத்தில் செடி வைப்பவன் மண்வெட்டியைச் சாய்த்துப் போட்டாலும் அது குழாயைத் தொடக்கூடாது என்று எண்ணிப் பார்த்த ஒருவர்தான் அதை எழுதியிருக்க முடியும்.

ஆயினும் அந்தச் சலுகையை நம் வாசலுக்கு எடுத்துவரலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். அங்கே தளம் என்று சொல்வது ஒரே துண்டாக வார்த்த நாலங்குலக் கான்கிரீட்டை. இங்கே நடைபாதை என்பது மணல் மெத்தையின் மேல் அடுக்கிய 60 மில்லிமீட்டர்ப் பேவர் கல்லாகவோ, செங்கல் ஜல்லியின் மேல் இழைத்த மெல்லிய சிமெண்டுத் தளமாகவோ, கருங்கற் பலகைகளாகவோ இருக்கிறது. பேவர் கல்லை இரண்டு கம்பிகளால் நெம்பி எடுத்துவிடலாம். அது எளிதில் எடுக்கப்படவேண்டும் என்றே செய்யப்பட்டது. தண்ணீர்க் குழாய் கசிந்தாலும், கழிவுநீர் அடைத்துக்கொண்டாலும் முதலில் எடுக்கப்படுவது அந்தக் கல்தான். எடுத்த பிறகு கடப்பாரைக்கும் மின்குழாய்க்கும் நடுவே நிற்பது மண் ஒன்றே என்னும்பொழுது, கல்லுக்காக ஆழத்தைக் குறைத்துக்கொள்வதில் நியாயம் இல்லை.

மற்றொரு சலுகையும் அப்படியே. வீட்டு இணைப்பு 120 வோல்ட்டுக்கு மேற்படாமலும், 20 ஆம்பியருக்கு மேற்படாத காப்போடும், மின்கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் கருவியோடும் இருந்தால், அமெரிக்காவில் அதை 12 அங்குலத்திலேயே புதைக்கலாம். நம் வீட்டில் ஓடுவது 230 வோல்ட். அவர்களுடைய கருவி 4 முதல் 6 மில்லிஆம்பியர்க் கசிவுக்கே துண்டித்துவிடும். நாம் மெயின் போர்டில் வைக்கும் ஆர்.சி.சி.பி. வழக்கமாக 30 மில்லிஆம்பியருக்குரியது. இரண்டு கணக்கும் வேறாயிருக்க, அந்தப் பன்னிரண்டு அங்குலத்தை மட்டும் கடன் வாங்குவது மிகவும் அபாயகரமானது. மின்மாற்றி வழியாக 12 வோல்ட்டாக இறக்கித் தோட்டத்துச் சிறு விளக்குகளுக்குக் கொண்டுபோகும் கம்பிகளுக்கு, 30 வோல்ட்டுக்கு உட்பட்டவற்றுக்கென அங்கே வகுத்த ஆறங்குல விதியை நாமும் பின்பற்றலாம். அங்கே கம்பி அறுந்தால் விளக்கு அணையுமேயன்றி ஆள் சாகமாட்டான்.

இங்கிலாந்தின் பி.எஸ். 7671 ஆழத்துக்கு எண் எதையும் சொல்லாமல், எதிர்பார்க்கக்கூடிய எந்தத் தோண்டலாலும் சேதமுறாத அளவு ஆழம் வேண்டும் என்ற கருத்தோடு நிறுத்திக்கொள்கிறது. தோண்டும் வழக்கங்களை அறிந்த கைதேர்ந்தவருக்கு அது போதும். வீடு கட்டுகிற சாமானியருக்கு எண்தான் துணை.

ஆகவே என் சிபாரிசு இதுவே: ஆள் நடமாட்டம் மட்டும் உள்ள பாதையின் கீழே 75 சென்டிமீட்டர்; இன்று ஸ்கூட்டர் மட்டும் ஏறினாலும் நாளைக்குக் கார் ஏறக்கூடிய கேட் முகப்பில் ஒரு மீட்டர். கேட்டை அகலப்படுத்திக் காரை உள்ளே கொண்டுவராத வீடு இப்பொழுது அபூர்வம் என்பதால், இரண்டாவதை வீண்செலவாக எண்ணவேண்டாம்.

மண்ணின் குணத்தையும் கவனிக்கவேண்டும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண், மழையில் ஊதிக் கோடையில் வெடித்து, வருஷந்தோறும் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கும் சுபாவமுடையது. அதில் துண்டு துண்டாகப் பசை தடவி இணைத்த பி.வி.சி. குழாய் சில கோடைகளுக்குள் இணைப்பில் கழன்றுவிடக்கூடும். அங்கே சுருளாக வரும் ஒரே நீளக் குழாயும், சுற்றிலும் தாராளமான மணலும் வேண்டும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்பு ஈரம் ஜி.ஐ. குழாயைத் தின்றுவிடும், அங்கே பிளாஸ்டிக்கே நல்லது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் ஒன்றரை அடிக்குள் பாறை தட்டிவிடும் இடங்கள் உண்டு. வெட்டவே முடியாத அத்தகைய ஸ்தலத்தில் மாத்திரம், ஜி.ஐ. குழாயைப் போட்டு, அதன் மேல் நாலங்குலக் கனத்துக்குக் குறையாமல், பாறையைப் பற்றிக்கொள்ளும்படி கான்கிரீட் வார்த்து மூடலாம். பாறையில் இரண்டங்குலக் கான்கிரீட்டை அமெரிக்க விதி ஏற்கிறது என்றாலும், நம்மூர்க் கடப்பாரையைப் பார்த்தவன் என்ற முறையில் நான் நாலங்குலம் என்கிறேன்.

பள்ளம் ஓரடிக்குச் சற்று அதிகமான அகலத்தில் இருந்தால் ஆள் நின்று வேலை செய்யலாம். அடியிலுள்ள கூர்ங்கற்களைப் பொறுக்கிவிட்டு, மூன்றங்குலம் மணல் பரப்பி, குழாயை வைத்து, அதன் மேலும் மூன்றங்குலம் மணல் மூடி, அதன் மேல் செங்கற்களைப் படுக்கையாக நெடுக அடுக்கவேண்டும். செங்கல் கடப்பாரையை முழுவதும் தடுத்துவிடும் என்பதற்காக அல்ல. மண்ணுக்குள் வரிசையாகச் செங்கல் தட்டுப்பட்டால் தோண்டுகிறவர் கை தானாக நிற்கும் என்பதற்காகவே அது. அதற்கும் மேலே, குழாயிலிருந்து ஓரடி உயரத்தில், சிவப்பு எச்சரிக்கை நாடாவை விரித்துவிட்டால் செங்கலுக்கு முன்பே அது சேதி சொல்லிவிடும். பிறகு மண்ணைக் கல் நீக்கி, அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடிக்கவேண்டும். ஒரேயடியாகத் தள்ளி மூடினால் ஐப்பசி மழைக்குப் பாதை உள்வாங்கி, கல் சாய்ந்து, அதைச் சரிசெய்ய மறுபடியும் ஒருவர் கடப்பாரையோடு வந்து நிற்பார்.

குழாய்க்குள் தண்ணீர் வராது என்று நம்பி ஒருவரும் வேலை செய்யவேண்டாம். எவ்வளவு அடைத்தாலும் மழைக்காலத்தில் ஈரம் உள்ளே சேரும். சுவருக்குள் இழுக்கும் சாதாரண ஒற்றைக் கம்பிகள் அங்கே ஆகா. மேலுறையுள்ள கேபிள், அதிலும் மோட்டார் இணைப்புக்கு ஐ.எஸ். 7098 முத்திரையுள்ள ஆர்மர்டு கேபிள், வேண்டும். குழாய் குறுகலாக இருக்கலாகாது. மூன்றோ அதற்கு மேலோ கம்பிகள் போகுமானால் உள்வெளியின் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் அடைக்கலாகாது என்ற அமெரிக்கக் கணக்கு இங்கும் நல்ல அளவுகோல். திருப்பங்களில் லாங் பெண்டு மட்டுமே போடவேண்டும். மண்ணுக்குள் கேபிளில் இணைப்பு வைக்கவே கூடாது. அவசியமானால் மூடியுள்ள சேம்பர் கட்டி அதில் வைக்கவேண்டும். தண்ணீர்க் குழாயிலிருந்து ஓரடியாவது விலகியிருக்கட்டும். டெலிபோன், இன்டர்நெட் கேபிள்களிலிருந்தும் அவ்வாறே. முனைகளை நன்கு அடைத்துவிடுவது தண்ணீருக்காக மட்டுமன்று. எலியும் கரையானும் அந்த வழியைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளும். பள்ளம் திறந்திருக்கும்பொழுதே பக்கத்தில் இன்னொரு வெறுங்குழாயை, உள்ளே நைலான் கயிறு விட்டு, படுக்கவைத்துவிடுங்கள். பள்ளம் வெட்டும் கூலியோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சொற்பம். பின்னொரு காலத்தில் பாதையைப் பெயர்க்கும் தேவையையே அது நீக்கிவிடும்.

குழாய் மண்ணிலிருந்து மேலே ஏறும் இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டரை அடி ஆழத்தில் பத்திரமாக வந்த கேபிள், கேட் தூணருகே மேலே வருகையில் ஆழம் படிப்படியாகக் குறைந்து, தரையை ஒட்டிய அங்குலத்தில் காப்பே இல்லாமல் நிற்கிறது. மண்வெட்டியும், சைக்கிள் ஸ்டாண்டும், குழந்தைகளின் கையும் படுமிடம் அதுவே. அமெரிக்க விதி, மண்ணுக்குள் 18 அங்குலம் வரையிலும் மண்ணுக்கு மேலே எட்டடி வரையிலும் அங்கே காப்புக் கேட்கிறது. தூணில் சாதாரணமாக அவ்வளவு உயரம் கிடைக்காவிட்டாலும், பள்ளத்திலிருந்து விளக்குப் பெட்டி வரை கனத்த குழாயே இடையறாமல் போகவேண்டும், ஜி.ஐ. குழாயானால் அதற்கு எர்த் இணைப்பும் வேண்டும்.

இவ்வேலையை உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்கவேண்டும் என்பதையும், மீட்டருக்கு முன்னுள்ள கேபிள் மின்வாரியத்தைச் சேர்ந்ததாகையால் அதை நாம் தொடவே கூடாது என்பதையும் முந்திய அத்தியாயத்திலேயே சொல்லியிருக்கிறோம். பள்ளத்தை மூடுமுன் 500 வோல்ட் மெக்கரால் காப்புத்தடையை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் அந்தக் கேபிளை ஏற்கவேண்டாம். புதுக் கேபிளில் அது அதைவிடப் பலமடங்கு மிகுந்திருக்கவேண்டும்.

கடைசியாக, திறந்த பள்ளத்தில் டேப்பை நிறுத்தி, நூலிலிருந்து குழாயின் முதுகு வரை உள்ள அளவு தெரியும்படி மூன்று நாலு இடங்களில் புகைப்படம் எடுத்துக்கொள்ளவேண்டும். பின்பு ஒரு தாளில் வீட்டின் முன்பக்கத்தை வரைந்து, குழாய் திண்ணைச் சுவரிலிருந்து எத்தனை அடி, காம்பவுண்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி, எந்த ஆழம், எந்த வருஷம் என்று, அசையாத சுவர்களிலிருந்து மட்டுமே அளந்து எழுதவேண்டும். மரத்திலிருந்தோ, செடியிலிருந்தோ அளந்தால் அவை ஒருநாள் இல்லாமற்போகும். அந்தத் தாளின் ஒரு பிரதியை வீட்டுப் பத்திரத்தோடு வைத்து, மற்றொன்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு மெயின் போர்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். பந்தல்காரர் கடப்பாரையை எடுக்குமுன் வீட்டிலுள்ள எவரும் போய்ப் பார்க்கக்கூடிய இடம் அது.